மேஜர் சரவணன் மாதிரி அதிகாரியே முன்னால் போவது ஏன்? படைக்குப் போகிற மகனின் அப்பா கேட்கிறேன்

பாம்பன் படகுக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறேன், இரண்டு தலைமுறையாக வடகடலில்தான் பிழைப்பு. இங்கே எழுதுவது முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மூத்த மகன் டிகிரி முடித்து, ராணுவ அதிகாரி வேலைக்கான சிடிஎஸ் பரீட்சை எழுதி, பெங்களூரில் ஐந்து நாள் எஸ்எஸ்பி தேர்வும் பாஸாகி, மெடிக்கலும் முடிந்து, வருகிற மாதம் சென்னை பரங்கிமலையில் இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேரப் போகிறான். ஊரில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துவிட்டுப் போகிறார்கள். சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை.

இத்தனை நாளும் நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், அதிகாரி என்பவர் பின்னால் ஒரு கூடாரத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உத்தரவு கொடுப்பார், முன்னால் போய்ச் சண்டை போடுவது சிப்பாய்கள் என்றுதான். அவன் அம்மாவுக்கும் அப்படிச் சொல்லித்தான் தைரியம் கொடுத்தேன். போன வாரம் ஐஸ் கம்பெனியில் ஐஸ் ஏற்றக் காத்திருந்தபோது ஒருவர் சொன்னார், கார்கில் சண்டையில் இறந்த மேஜர் சரவணன் நம்ம ராமேஸ்வரத்தில் பிறந்தவர், ஆட்களை நடத்திக்கொண்டு போய் அவரே முன்னால் நின்று சுட்டு அங்கேயே விழுந்தார் என்று. வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டேன். "ஆமாப்பா, ஆபீசர்தான் முன்னால போகணும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுக்கப் போய்விட்டான். அவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

படகு என்றால் எனக்குப் புரியும். வாடை திடீரென்று தூக்கி அடிக்கும்போது வலையை இழுப்பதா, வெட்டிவிடுவதா என்று ஒருவன்தான் சொல்ல வேண்டும், சுக்கான் பிடித்திருப்பவன் குரல் தடுமாறினால் மற்ற நான்கு பேர் கையும் அப்படியே நின்றுபோகும். நான் இரண்டு முறை அப்படி மாட்டியிருக்கிறேன். ஆனாலும் கடல் நம்மைக் குறி பார்த்துச் சுடாது.

குண்டு வருகிற இடத்தில் ஒரு மனிதன் மற்றவர்களை எப்படி நடத்துகிறான்? ஏன் அதிகாரியே முன்னால்? அவர் விழுந்துவிட்டால் மற்றவர்கள் கதி என்ன? அந்தத் தைரியம் பிறவியில் வருவதா, அந்த அகாடமியில் கொடுப்பதா? சர்வீஸில் இருந்தவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தை வேண்டாம்.

உச்சிப்புளி வாத்தியார்:

ஐயா, ஐஸ் கம்பெனியில் உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மேஜர் மாரியப்பன் சரவணன் 1972 ஆகஸ்ட் 10 அன்று ராமேஸ்வரத்தில் பிறந்தவர். அப்பாவும் ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். குடும்பம் திருச்சியில் என்பதால் எல்லோரும் அவரைத் திருச்சிக்காரர் என்றே சொல்வார்கள், நினைவுச் சின்னமும் அங்கேதான் இருக்கிறது. நான் வகுப்பில் கேட்டால் கலாம் பிறந்த தேதியை அத்தனை பிள்ளைகளும் சொல்லும், சரவணனும் இதே தீவில் பிறந்தவர் என்றால் விழிக்கும். எனக்கு இது ரொம்ப நாள் ஆதங்கம்.

நடந்தது இது. 1999 மே மாதத் தொடக்கத்தில் கார்கிலின் பட்டாலிக் பகுதியில் ஆடு மேய்ப்பவர்கள் மலை உச்சியில் புதிய ஆட்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் பாகிஸ்தான் ஊடுருவல் வெளியே தெரிந்தது. எத்தனை பேர், எந்தெந்த முகட்டில், என்ன ஆயுதம் என்று முழுக்கப் பிடிபடாத நாட்கள் அவை. சரவணன் பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். மே 28 இரவு, ஜூபர் முகட்டில் பலமாகக் கட்டப்பட்டிருந்த எதிரி நிலை ஒன்றைப் பிடிக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. உயரம் 14,000 அடிக்கு மேல். நாம் கொடைக்கானலில் படி ஏறினாலே மூச்சு வாங்கி உட்காருகிறோம், அது 7,000 அடிதான். அதைப் போல இரண்டு மடங்கு உயரம், இருட்டு, பாறை, முதுகில் சுமை, மேலே கல் அடுக்கிய பங்கருக்குள் இயந்திரத் துப்பாக்கியோடு காத்திருக்கிற ஆட்கள்.

விடிவதற்கு முன் தாக்குதல் தொடங்கியது. மேலிருந்து கடுமையாகச் சுட்டார்கள். சரவணன் ராக்கெட் லாஞ்சரைத் தானே எடுத்து எதிரி நிலைக்குள் அடித்தார், அதில் இரண்டு பேர் செத்தார்கள். அவர் உடம்பிலும் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அந்தக் காயத்தோடு மேலே போய் இன்னும் இரண்டு பேரை வீழ்த்தினார். அதற்குப் பிறகுதான் குண்டு பட்டு விழுந்தார். அன்று 29ஆம் தேதி, வயது 26. அவருடைய பட்டாலியனைச் சேர்ந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் அதே சண்டையில் இறந்தார். இரண்டு பேருக்கும் போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது.

எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் உள்ளதைக் கேட்டிருக்கிறீர்கள். உடலை உடனே எடுக்க முடியவில்லை, எடுக்கப் போனால் மேலிருந்து சுட்டார்கள். ஒரு மாதத்துக்கும் மேலே பனியில் கிடந்து, ஜூலையில்தான் மீட்டார்கள். அந்தத் தாய் திருச்சியில் அத்தனை நாளும் காத்திருந்தார். ஜூபர் முகட்டை ஜூலை தொடக்கத்தில் அதே பட்டாலியன்தான் பிடித்தது.

சாயல்குடி சுபேதார்:

அண்ணே, நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் 28 வருஷம் இருந்து சுபேதாராக வெளியே வந்தவன். அதிகாரி இல்லை, அதிகாரி பக்கத்தில் நின்றவன். அதனால் நான் சொல்வது ஜவான் பக்கத்துப் பார்வை. உங்கள் மகனுக்கு அதுதான் அதிகம் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அதிகாரி எப்போதும் முதல் ஆளாகப் போவதில்லை. ஸ்கவுட் என்று இரண்டு பேர் முன்னால் போவார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு செக்‌ஷன், அதாவது பத்துப் பேர். கம்பெனி என்றால் கிட்டத்தட்ட 120 பேர், மூன்று பிளட்டூன். கம்பெனி கமாண்டர் நிற்க வேண்டிய இடம், முன் பிளட்டூனுக்கு என்ன நடக்கிறது என்று தன் கண்ணால் பார்க்கக்கூடிய, ஆனால் மற்ற இரண்டு பிளட்டூனையும் கை நழுவ விடாத இடம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் அவருடைய வித்தை. ரொம்பப் பின்னால் நின்றால் கண் தெரியாதவர் மாதிரி உத்தரவு போடுவார். ரொம்ப முன்னால் போனால் ஒரு துப்பாக்கிக்காரர், அவ்வளவுதான்.

சரி, பிறகு ஏன் முன்னால் போகிறார்கள்? அதைச் சொல்ல, முதல் குண்டு வரும்போது என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். குண்டு சத்தத்தை விட வேகமாக வரும். அதனால் முதலில் தலைக்கு மேலே சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு 'டக்', அதற்கப்புறம்தான் சுட்ட துப்பாக்கியின் 'தொம்' கேட்கும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று வைத்துத்தான் எவ்வளவு தூரத்திலிருந்து சுடுகிறான் என்று கணக்குப் போடுவோம். இதெல்லாம் பயிற்சியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நிஜத்தில் முதல் 'டக்' வந்ததும் எல்லோரும் படுத்துவிடுவோம், உடம்பு தானாகப் படுத்துவிடும், மூளைக்கு வேலையே இல்லை. படுத்த இடத்தில் ஒரு கல் இருந்தால் அந்தக் கல்தான் வீடு, வாசல், அம்மா எல்லாம். அதை விட்டு எழுந்திரு என்று காலுக்குச் சொன்னால் கால் கேட்காது.

அந்த நேரத்தில் ஒவ்வொரு ஜவானும் செய்கிற ஒரே காரியம், சாப், அதாவது அதிகாரி, எங்கே என்று திரும்பிப் பார்ப்பது. நானும் பார்த்திருக்கிறேன், புதிதாக வந்த பையன்கள் என்னைப் பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். செட்டில், அதாவது ரேடியோவில், நல்லபடியாகக் கேட்கும் என்று நம்ப முடியாது. குண்டுச் சத்தத்துக்கு நடுவில் வாய்க் குரல் முப்பது நாற்பது மீட்டர் போனால் அதிகம். அப்போது அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. அதிகாரி முன்னால் போவதற்கு வீரம், கௌரவம் என்று பெரிய பெயர்கள் இருக்கலாம், எங்களுக்கு அது குரல் எட்டுகிற தூரம், அண்ணே.

அந்தக் குரல் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம். எங்கிருந்து சுடுகிறான், யார் பதிலுக்குச் சுட்டு அவன் தலையைத் தூக்க விடாமல் அமுக்க வேண்டும், யார் நகர வேண்டும். வேறு பேச்சு வேண்டாம். நீங்கள் படகில் 'வெட்டு' என்று ஒரு வார்த்தை சொல்வீர்களே, அது மாதிரி.

இப்போது அந்த ராக்கெட் லாஞ்சர் விஷயத்துக்கு வருகிறேன், வாத்தியார் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் காலத்து 84 மில்லிமீட்டர் லாஞ்சர் சுமார் 14 கிலோ. ராக்கெட் முன்னால் போகும்போது பின்பக்கமாக நெருப்பும் புகையும் தூசியுமாக வெடித்து வெளியே வரும், பின்னால் ஆள் நின்றால் கருகிவிடுவான். ஆகவே அடித்த அடுத்த நொடியே, இதோ நான் இங்கே இருக்கிறேன் என்று எதிரிக்கு விளக்குப் போட்டுக் காட்டின மாதிரி ஆகிவிடும். அத்தனை துப்பாக்கியும் அந்தப் புகையை நோக்கித் திரும்பும். லாஞ்சரைத் தோளில் தூக்குகிற ஒவ்வொருவனுக்கும் இது தெரியும். ஒரு மேஜர் இதை யாரிடமும் கொடுக்காமல் தன் தோளில் வைத்தார் என்றால், அடுத்து வரப்போகிற குண்டு எங்கே வரும் என்று தெரிந்துதான் வைத்தார். பக்கத்தில் படுத்திருந்த பீகார் பையன்கள் அதைப் பார்த்திருப்பார்கள். தாக்குதல் நின்றுபோன இடத்தில் ஒரு ஆள் எழுந்து நிற்பதைப் பார்த்தால் படுத்திருப்பவன் கால் மறுபடியும் அவன் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும். இது எனக்கு நடந்திருக்கிறது.

அவர் விழுந்தால் என்ன கதி என்று கேட்டீர்கள். அதற்கான வேலை சண்டைக்கு முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். மண்ணைக் குவித்து, கல்லை வைத்து, நூலைக் கட்டி, அந்த மலையையே சின்னதாகச் செய்து வைத்து உத்தரவு சொல்வார்கள். அதில் கடைசியில் ஒன்று வரும்: நான் விழுந்தால் இன்னார், அவர் விழுந்தால் இன்னார், அவரும் விழுந்தால் இன்னார். இதைக் கடைசி ஜவான் வரைக்கும் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். நல்ல அதிகாரி இந்தப் பகுதியை வேகமாகத் தாண்ட மாட்டார். தன் சாவை மற்றவர்கள் முன்னால் நிதானமாக வரிசைப்படுத்திச் சொல்கிற ஆளைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும் என்று நினைக்கிறீர்கள்? இவர் நம்மை நடுவழியில் விட மாட்டார் என்று தோன்றும்.

பிறவியா பயிற்சியா? ஒரு கேப்டன் இருந்தார், பெயர் வேண்டாம், வடக்கே ஒரு மலையில். ஏறுவதற்கு முன்னால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முயற்சி செய்கிறார், முடியவில்லை, கை அப்படி நடுங்குகிறது. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து செட்டில் பேசுகிறார், காலையில் பரேடில் பேசுகிற அதே குரல், அதே வேகம், ஒரு எழுத்துக் கூட நடுங்கவில்லை. கை அவருடையது, குரல் எங்களுடையது என்று அவர் பிரித்து வைத்திருந்தார். இதைப் பிறவியில் யாரும் கொண்டு வருவதில்லை. பரங்கிமலையில் 49 வாரம் தூங்கவிடாமல், பசியோடு, ஈரத்தில் நிற்க வைத்து, இப்போது முடிவு சொல் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அது இதற்குத்தான்.

தேவிபட்டினம் தம்பி:

சுபேதார் மாமா எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்துவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. மே மாதம் போன படைகளுக்குப் பின்னால் போதுமான பீரங்கி இருந்ததா? மேலே எத்தனை பேர் என்று தெரிந்ததா? உயரத்துக்கு உடம்பைப் பழக்கவே 9,000 அடியில் ஆறு நாள், 12,000 அடியில் நான்கு நாள், 15,000 அடியில் நான்கு நாள் என்று ராணுவமே விதி வைத்திருக்கிறது. அவசரத்தில் அதெல்லாம் எத்தனை பேருக்குக் கிடைத்தது? ஜூன் 13 டோலோலிங், ஜூலை 4 டைகர் ஹில் என்று பிடித்த முகடுகள் இரண்டிலும் போஃபர்ஸ் பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி அடித்து நொறுக்கிய பிறகு காலாட்படை ஏறியது. மே மாதத்தில் ஏறியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 26 வயது மேஜரின் வீரத்தைப் பேசும்போது, அவரை அந்த நிலையில் ஏற வைத்த முடிவுகளையும் பேச வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் கீழே இருப்பவர்களின் தைரியத்தை வைத்தே மேலே இருப்பவர்களின் கணக்கை நேர் செய்வார்கள். 527 பேர் அந்தப் போரில் போயிருக்கிறார்கள். இது அவருக்கு மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு அவர் மேல் இருக்கிற மரியாதையால்தான் கேட்கிறேன்.

சாயல்குடி சுபேதார்:

தம்பி, நீ கேட்டது நியாயம், நான் மறுக்க மாட்டேன். பீரங்கி இல்லாமல் மலை ஏறுவது என்னவென்று தெரிந்தவன் அதை மறுக்க மாட்டான். ஒன்று மட்டும் சொல்கிறேன். மேலே எடுத்த முடிவு தப்பாகவே இருந்தாலும், கீழே நிற்கிற கமாண்டருக்கு அன்று இரவு கையில் இருப்பது அந்த 120 பேரும் அந்த மலையும்தான். அந்த அளவுக்குள் அவர் என்ன செய்தார் என்றுதான் ஜவான் பார்ப்பான். அதே பட்டாலிக்கில் ஜூலை 3ஆம் தேதி காலுபர் முகட்டில் மனோஜ் பாண்டே என்று 24 வயது லெப்டினன்ட், தோளிலும் காலிலும் குண்டு வாங்கிய பிறகும் ஒவ்வொரு பங்கராக அடித்துக்கொண்டு போய் நான்காவது பங்கர் வாசலில் விழுந்தார். வீரத்துக்கான உச்ச விருதான பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் பின்னால் போன கூர்க்காக்கள் அந்த முகட்டைப் பிடித்தார்கள். அவர்களிடம் போய் மேலிடத்து முடிவு பற்றிக் கேட்டால் உன் பக்கம்தான் பேசுவார்கள். அவரைப் பற்றிக் கேட்டால் எழுந்து நிற்பார்கள்.

மண்டபம் முகாம் பிள்ளை:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நான் மன்னாரில் பிறந்து 1990இல் படகில் இந்தக் கரைக்கு வந்தவள், மண்டபம் முகாமில் வளர்ந்தேன். உங்கள் எல்லோருக்கும் இந்திய ராணுவம் என்றால் ஒரு நினைவு, எங்களுக்கு அது அமைதிப்படையாக இலங்கையில் இருந்த 1987இலிருந்து 1990 வரைக்குமான வேறு நினைவுகள் உண்டு. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் நிறையப் பொதுச்சனம் செத்தது, இந்தியச் சிப்பாய்களும் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல எனக்கு மனம் வராது.

அண்ணா, உங்கள் மகன் போகிற பரங்கிமலையிலிருந்து 1972இல் அதிகாரியாக வெளியே வந்தவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்த தமிழர், மஹர் ரெஜிமென்டின் எட்டாவது பட்டாலியன். 1987 நவம்பர் 25 இரவு, இலங்கையில் ஒரு தேடுதலை முடித்துத் திரும்பும்போது அவருடைய ஆட்கள் மேல் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். அவர் பதறாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றி வளைத்துப் பின்பக்கமாகப் போய்ப் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவருடைய நெஞ்சில் சுட்டார். சுட்டவரின் துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டுவிட்டு, உயிர் போகிற வரைக்கும் உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். இலங்கைக்குப் போன அந்தப் படையில் பரம்வீர் சக்ரா கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான். தமிழர் ஒருவர், தமிழர்களோடு சண்டை போட்டு, தமிழர் மண்ணில் செத்தார். இதை எந்தப் பக்கம் நின்று படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். சுபேதார் ஐயா சொன்ன 'குரல் எட்டுகிற தூரம்' என்பதைப் படித்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார், நெஞ்சில் குண்டோடு கடைசிவரை அந்தக் குரலை விடவில்லை.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஒழுங்கையில் எங்கேயோ வெடிச் சத்தம் கேட்டு, சிப்பாய்கள் ஓடி வந்து வேலிக்குப் பக்கத்தில் நின்றார்கள். முகமெல்லாம் வியர்வை, கண் நிலைகொள்ளவில்லை, துப்பாக்கி எங்கள் வாசலைப் பார்த்து இருந்தது. உள்ளே அம்மம்மா, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள். அம்மம்மாவின் கையில் கீரைச் சுளகு, அதைக் கூடக் கீழே வைக்க அவவுக்குத் தோன்றவில்லை. பின்னால் ஒரு அதிகாரி வந்தார், அவரும் ஓடித்தான் வந்தார். வந்தவர் எங்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவில் வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் ஆட்களைப் பார்த்து நின்றார். கத்தவில்லை. உள்ளங்கையைக் கீழே பார்த்துப் பிடித்து மெல்ல இரண்டு தடவை அமுக்கிக் காட்டினார். துப்பாக்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. பிறகு எங்களைப் பின்வளவு வழியாகப் போகச் சொல்லிச் சைகை காட்டினார்.

அவர் பெயர் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. பயந்துபோன சிப்பாயை முன்னால் போக வைப்பதற்கு ஒரு தலைமை வேண்டும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். பயந்துபோன சிப்பாயைச் சுடவிடாமல் நிறுத்துவதற்கும் அதே தலைமைதான் வேண்டும், அண்ணா. உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள். நான் இன்றைக்கு இதை எழுதுகிறேன் என்றால் அந்தக் கை அன்று கீழே அமுக்கிக் காட்டியதால்தான்.

கீழக்கரை காக்கா:

தங்கச்சி எழுதினதுக்குப் பிறகு எழுதுவதற்கு எதுவும் தோன்றவில்லை, ஆனாலும் படகுக்கார அண்ணனுக்காக ஒன்று. எங்கள் வாப்பா அடிக்கடி சொல்கிற பெயர் பிரிகேடியர் முகமது உஸ்மான். 1947 டிசம்பரில் காஷ்மீரில் ஜங்கர் என்ற இடம் கை விட்டுப் போனது. அதைத் திரும்பப் பிடிக்கிற வரைக்கும் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று சொல்லி, அந்தக் குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். பிரிகேடியர் அண்ணே, ஆயிரக்கணக்கான பேருக்குத் தலைவர். 1948 மார்ச்சில் ஜங்கரைப் பிடித்த பிறகுதான் கட்டில் கொண்டு வந்தார்கள். அதே ஜங்கரில் ஜூலை 3ஆம் தேதி பீரங்கிக் குண்டு விழுந்து இறந்தார், 36ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் 12 நாள் இருந்தது. அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவரும் குண்டு விழுகிற இடத்தில்தான் இருந்திருக்கிறார் என்பதைப் பாருங்கள். சுபேதார் ஐயா சொன்ன தூரம்தான் இதிலும்.

உச்சிப்புளி வாத்தியார்:

நம் மாவட்டத்துப் பெயர் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. திருவாடானைப் பக்கம் கடுக்கலூர், ஹவில்தார் பழனி. பீரங்கிப் படையில் 81ஆவது ஃபீல்டு ரெஜிமென்ட். 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த 20 பேரில் ஒருவர், வீர் சக்ரா. அதிகாரி இல்லை, ஆனால் அன்று அங்கே சண்டையை முன்னால் நின்று நடத்தி இறந்த கர்னல் சந்தோஷ் பாபுவின் பட்டாலியன் எது தெரியுமா, 16 பீகார். சரவணனின் அதே ரெஜிமென்ட். ஊரடங்கு நேரத்தில் பழனியின் உடல் கடுக்கலூருக்கு வந்த அன்று நான் போயிருந்தேன், முகக்கவசத்தோடு வயல் வரப்பெல்லாம் ஆட்கள், சத்தமே இல்லை.

பாம்பன் படகுக்காரர்:

எல்லாவற்றையும் படித்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன், அதனால் மகனை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன், அவன் அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். சரவணன் உடல் பனியில் கிடந்தது வருகிற இடத்தில் அவன் வேகமாகத் தாண்டப் பார்த்தான், அவள் "நிப்பாட்டாத, படி" என்றாள். மண்டபத்துத் தங்கச்சி எழுதியதைப் படிக்கும்போது அவன் குரல்தான் நின்றுபோனது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு உள்ளங்கையைக் கீழே பார்த்துப் பிடித்து அமுக்கிக் காட்டி, "இப்படியாப்பா?" என்று என்னைக் கேட்டான். எனக்கு என்ன தெரியும். இப்படித்தான் இருக்கும் என்றேன்.

அதிகாரி பின்னால்தான் இருப்பார் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன் என்று எழுதினேன் அல்லவா, அது இப்போது தீர்ந்தது. அவள் என்னை விடத் தெளிவாக இருக்கிறாள். குரல் எட்டுகிற தூரத்தில் நின்றுதான் ஆக வேண்டும் என்றால் நிற்கட்டும், அந்தச் சாவு வரிசையை மட்டும் நம்மிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லு என்றாள்.

சுபேதார் அண்ணே, இன்னும் ஒரு உதவி. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவன் இங்கே இருக்கும்போது என்ன செய்தால் அங்கே கஷ்டம் குறையும்? சனிக்கிழமை மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன், அது தவிர.

சாயல்குடி சுபேதார்:

கடலுக்குக் கூட்டிப் போங்கள், சுக்கானை அவன் கையில் கொடுங்கள், ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாதீர்கள். அதுதான் கஷ்டம், உங்களுக்கு.

மற்றபடி கால். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் மாதம் காலில்தான் விழுவார்கள். கணுக்கால் வரைக்கும் பிடிக்கிற பூட்ஸ் ஒன்று இப்போதே வாங்கி, தடித்த காலுறை இரண்டு ஜோடி வாங்கி, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் நடக்கச் சொல்லுங்கள். ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். தார் ரோட்டில் இல்லை, ரோட்டுக்குப் பக்கத்தில் மணலில். முதுகுப் பையில் முதல் வாரம் ஐந்து கிலோ, அடுத்த வாரம் பத்து. கொப்புளம் வந்தால் ஊசியால் குத்த வேண்டாம், ஒரு நாள் விட்டு மறுபடி நடக்கட்டும். காலையில் ஐந்து மணிக்குள் தொடங்கிவிட வேண்டும், வெயில் ஏறினால் அந்த மணல் சுடும். ஞாயிற்றுக்கிழமை நான் ராமேஸ்வரம் வருகிறேன், என் தங்கை வீடு அங்கேதான். பையனை அனுப்புங்கள், முதல் நாள் நானும் கூட நடக்கிறேன்.